நெருங்கிய கேமராவும் விலகிய கேமராவும்: ஜூலியா மார்கரெட் கேமரன் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கேமரா வாங்கிய முதல் வாரம் வீட்டுக் குழந்தையின் முகம். அடுத்த விடுமுறைக்கு ஊட்டி அல்லது மூணாறு. மார்கழி பிறந்ததும் வேடந்தாங்கல். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் எவரும் உருவப்படம், பயணம், இயற்கை ஆகிய மூன்றையும் ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை. ஆனால் மூன்றும் ஒருவருக்கே நன்றாக வாய்ப்பது அபூர்வம். குழந்தையின் முகத்தை உயிரோடு பிடித்தவர் மலையிலிருந்து கொண்டுவருவது வெறும் தபால் அட்டைக் காட்சியாக இருக்கும். நாரையை இறகு இறகாகப் பிடித்தவர் கல்யாண வீட்டில் எடுத்த முகங்கள் பாஸ்போர்ட் படத்தில் இருப்பவைபோல் விறைத்து நிற்கும். காரணம் கேட்டால் லென்ஸ் மேல் பழி விழும்.

எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. எடுப்பவர் எவ்வளவு அருகில் போய் நிற்க முடிந்தது என்பதே படத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. அருகில் போகவிடாமல் வெளிச்சம் தடுக்கும், ரசாயனம் தடுக்கும், மொழி தடுக்கும், சில சமயம் அதிகாரமும் தடுக்கும். இதைப் பரிசீலிக்க ஜூலியா மார்கரெட் கேமரனைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. 48 வயதில் கேமராவைத் தொட்டவர். யாரிடமும் தொழில் பழகாதவர். இங்கிலாந்தில் முகங்களை எடுத்துப் பெயர் வாங்கிய பின் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கே வேற்று மனிதர்களையும் வெப்பமண்டலத்து இலைகளையும் அதே ரசாயன முறையில் எடுக்கப் பார்த்தவர். கையும் கண்ணும் முறையும் மாறவில்லை, இடம் மாறியது. அவரே எழுதிவைத்த குறிப்பும், படத்துக்கு உட்கார்ந்தவர்களின் சாட்சியமும், படங்களும் கையில் இருப்பதால் ஊகத்துக்கு அதிகம் வேலை இல்லை.

பின்னணி

ஜூலியா 1815 ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, தாய் பிரெஞ்சு வம்சாவளியினர். 1836இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். வெள்ளி உப்புகளை ஹைப்போ என்ற ரசாயனம் கரைக்கும் என்று 1819லேயே கண்டறிந்து, பின்னர் ஒளிப்படத்தை நிலைக்கவைக்கும் வழியாக அதை உலகுக்குச் சொன்னவர் அவரே. மற்றவர் சார்லஸ் ஹே கேமரன். ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர். 1838இல் இருவருக்கும் திருமணமானது. இலங்கையில் வரலாற்றுப் பாடம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழகியிருக்கும். பிரிட்டிஷ் இலங்கையின் நிர்வாகத்தையும் நீதித்துறையையும் மாற்றியமைத்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவர்தான். ஆணைக்குழு வேலை முடிந்த பிறகும் இலங்கை மேல் இருந்த ஆசை விடாமல் மலைநாட்டில் காப்பித் தோட்டங்களை வாங்கிப்போட்டார்.

1848இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1860இல் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டர் கிராமத்தில் கவிஞர் டென்னிசன் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு வாங்கி, அதற்கு இலங்கைத் தோட்டத்தின் பெயரால் டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். 1863 டிசம்பரில் சார்லஸ் தோட்டங்களைப் பார்க்க இலங்கை போயிருந்தார். தனியாக இருந்த தாய்க்கு மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். தனிமைக்குப் பொழுதுபோகட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அமெச்சூர் என்று அவரைச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் லண்டன் கடை மூலம் பிரிண்ட்களை விற்றார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களுக்குக் காப்புரிமைப் பதிவும் செய்தார். ஆனால் பலகை மாட்டி, காசு கொடுப்பவரை வரிசையில் உட்காரவைத்து எடுக்கும் ஸ்டுடியோக்காரராக அவர் இருந்ததில்லை. யாரை எடுப்பது என்பதை அவரே தீர்மானித்தார். இந்த ஆய்வுக்கு அந்தச் சுதந்திரம்தான் முக்கியம்.

கோழிக்கூட்டில் நடந்த சோதனைகள்

கரி போட்டுவைக்கும் அறை இருட்டறையானது. கண்ணாடி வைத்த கோழிக்கூடு ஸ்டுடியோவானது. கோழிகளுக்கு விடுதலை கொடுத்ததாகவும், அவற்றை யாரும் தின்றிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாகவும் ஜூலியா பின்னாளில் எழுதினார். முதலில் பிடித்தது உள்ளூர் விவசாயி ஒருவரை. சும்மா அல்ல, மணிக்கு அரைக் கிரவுன் கூலி கொடுத்து உட்காரவைத்தார். படம் வந்தது. வந்த மகிழ்ச்சியில் ஈரம் காயாத பக்கத்தைக் கையால் தேய்த்து அழித்துவிட்டார். 1864 ஜனவரி கடைசியில் ஆன்னி ஃபில்பாட் என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அன்றே அச்செடுத்து, நிறமேற்றி, சட்டம் போட்டு அவள் தந்தையிடம் கொடுத்துவிட்டார்; குழந்தைக்குப் பரிசு தேடி வீடு முழுவதும் ஓடினார். படத்தை அவள்தான் எடுத்ததுபோல் தோன்றியது என்று எழுதியிருக்கிறார். இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவருக்கும் படத்தில் பாதிப் பங்கு உண்டு என்பது அவருக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

முறை ஈரக் கொலோடியன். துப்பாக்கிப் பஞ்சை (அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு) ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த பாகை, அயோடைடு உப்பு சேர்த்து, கண்ணாடித் தகட்டின் நடுவில் ஊற்ற வேண்டும். தகட்டை நான்கு மூலைக்கும் சாய்த்துச் சாய்த்து ஒரே சீராகப் பரப்பி, மிச்சத்தை மீண்டும் புட்டிக்குள் வடிக்க வேண்டும். பிசுபிசுப்பு மாறுவதற்குள் தகடு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் இறங்க வேண்டும். அங்கிருந்து சொட்டச் சொட்டக் கேமராவுக்கு, கேமராவிலிருந்து திரும்ப இருட்டறைக்கு. எல்லாம் சுமார் பத்து நிமிடங்களுக்குள். காய்ந்தால் தகடு ஒளியை உணராது. விரல்கள் கறுக்கும், துணி கறுக்கும். ஈரப் படத்தைக் கணவரிடம் காட்டச் சாப்பாட்டு அறைக்கு ஓடி ஓடி மேசை விரிப்புகளில் எல்லாம் நைட்ரேட் கறை. இவ்வளவு பொறுமை இல்லாத வீடாக இருந்தால் தன்னைத் துரத்தியிருப்பார்கள் என்று அவரே சொல்கிறார். படத்தைக் கழுவ அவர் பயன்படுத்திய பொட்டாசியம் சயனைடு கையில் வழிவதைக் கேட்டுப் பதறிப்போய் ஹெர்ஷல் எச்சரித்துக் கடிதம் எழுதினார்.

ஃபோகஸ் சங்கதி இங்கேதான் வருகிறது. ஆரம்ப காலப் படங்களின் மங்கல் தற்செயலாக நேர்ந்தது என்று ஜூலியாவே ஒப்புக்கொள்கிறார். லென்ஸைத் திருகிக்கொண்டு வரும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். மற்றவர்கள் இன்னும் திருகிக் கூர்மைக்குப் போனார்கள். 1865இல் ஒளிப்படச் சங்கத்தின் இதழ் அவருடைய படங்களைக் கடுமையாகச் சாடியது. அதே ஆண்டு தென் கென்சிங்டன் அருங்காட்சியகம், அதாவது இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், அவர் படங்களை வாங்கியது. எது சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்ட கேள்வி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

மேற்கோள் காட்டுபவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த மங்கலுக்குக் கணக்கு உண்டு. 1866 வாக்கில் ஜூலியா 15க்கு 12 அங்குலத் தகடு பிடிக்கும் பெரிய கேமராவுக்கு மாறினார். லென்ஸ், டால்மேயர் நிறுவனம் செய்தது, 30 அங்குலக் குவிய நீளம். அக்காலத்தில் பிரிண்ட், தகட்டோடு தாளை ஒட்டிவைத்து வெயிலில் காட்டி எடுப்பது. தலை உண்மை அளவுக்குப் பிரிண்டில் வர வேண்டுமானால் தகட்டிலும் அந்த அளவுக்கே விழ வேண்டும். அதாவது கேமரா முகத்தை நெருங்கியே ஆக வேண்டும்.

நெருங்குவதற்கு வெளிச்சத்தில் விலை கொடுக்க வேண்டும். நல்ல வெயிலில் எஃப் 16 அபெர்ச்சருக்கு (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சுருங்கும்) ஐ.எஸ்.ஓ. எண்ணின் (ஒளியை உணரும் வேகம்) தலைகீழே ஷட்டர் நேரம் என்ற பழைய விதி படம் எடுப்பவர்களுக்குத் தெரியும். ஈரக் கொலோடியனின் வேகத்தை இன்றைய அளவில் ஐ.எஸ்.ஓ. 1 என்று வைத்துக்கொள்ளலாம். திரை போட்ட ஜன்னலோரத்தில் ஐ.எஸ்.ஓ. 100க்கு எஃப் 4, 1/8 வினாடி தேவைப்படுகிறது என்றால், ஐ.எஸ்.ஓ. 1க்குப் பன்னிரண்டரை வினாடி. எஃப் 8க்கு இறக்கினால் 50 வினாடி. பொருளை நெருங்க நெருங்க லென்ஸ் தகட்டைவிட்டு முன்னே நீள வேண்டும். உண்மை அளவை எட்டும்போது வெளிச்சம் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று குறைந்துவிடும். ஆக இரண்டரை, மூன்று நிமிடம். அவருடைய எக்ஸ்போஷர்கள் நிமிடக் கணக்கில் இருந்ததாகச் சொல்லப்படுவதோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. மூன்று நிமிடம் ஒருவர் மூச்சை அடக்கி உட்கார முடியாது. மார்பு ஏறி இறங்கும், கண்ணிமை தாழும், கழுத்து இழையளவு அசையும். ஸ்டுடியோக்காரர்கள் தலைக்குப் பின்னால் இரும்புக் கவட்டையை முட்டுக்கொடுத்து இந்த அசைவைக் கொன்றார்கள். ஜூலியாவின் முகங்களில் அது உயிரோடு இருக்கிறது. பாதி மங்கல் லென்ஸினுடையது. மீதிப் பாதி அவர்கள் விட்ட மூச்சினுடையது.

85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து முகம் எடுப்பவருக்கு இன்றும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. கூர்மையாக விழும் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். இமை மயிர் கிடைத்தால் காது போய்விடும். அதைச் சரிக்கட்டக் கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி வந்துவிட்டது. வந்த பிறகு எல்லார் படத்திலும் கண் கூர்மையாக இருக்கிறது; பார்வை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஹெர்ஷலின் தலைமுடி

1867 ஏப்ரலில் ஜூலியா சாமான்களோடு கென்ட் மாவட்டத்திலுள்ள ஹெர்ஷல் வீட்டுக்குப் போனார். பயண ஒளிப்படம் என்று பார்த்தால் இதுவும் பயணம்தான்: தகடுகள், ரசாயனப் புட்டிகள், பெரிய கேமரா எல்லாம் கூடவே போயின. அப்போது ஹெர்ஷலுக்கு 75 வயது. முப்பது ஆண்டுப் பழக்கம். ஒளிப்படம் என்ற ஒன்று இருப்பதையே ஜூலியாவுக்கு முதலில் கடிதத்தில் சொல்லி மாதிரிகளை அனுப்பியவர் அவர். அந்த மனிதரைத் தலைமுடியைக் கழுவிக் கலைத்துவிட்டு வரச்சொல்லும் உரிமை ஜூலியாவுக்கு இருந்தது. கழுவிய வெள்ளை முடி ஒளியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சுற்றி நிற்கிறது. உடம்பைக் கறுப்புத் துணி மூடியிருக்கிறது. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் ஒற்றை வெளிச்சத்தில் நெற்றிச் சுருக்கம் தெரிகிறது, கண்ணின் ஈரம் தெரிகிறது. படத்தில் தொலைநோக்கி இல்லை, புத்தகம் இல்லை. அறிஞர்களை எடுத்தால் கையில் ஒரு தடித்த புத்தகத்தைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் நெடுநாள் இருந்தது. ஜூலியாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அந்தத் தலையே போதும் என்ற அளவுக்கு அவர் அருகில் நின்றார்.

1868 கோடையில் டார்வின் குடும்பம் ஃப்ரெஷ்வாட்டரில் தங்கியபோது எடுத்த படமும் இந்த வகைதான். தன்னை எடுத்த மற்ற எல்லாப் படங்களையும்விட இது தனக்கு மிகவும் பிடித்திருப்பதாக டார்வின் எழுதிக் கொடுத்தார். ஜூலியா அதை விற்பனைப் பிரிண்ட்களில் அச்சிட்டுக்கொண்டார். கெட்டிக்காரர்.

பெரிய மனிதர்கள் மட்டும் அல்ல. வீட்டு வேலைக்கு வந்த மேரி ஹில்லியர் அன்னை மரியாவாகப் படத்துக்குப் படம் வருகிறார். பிச்சையெடுத்துக்கொண்டிருந்த ஐரிஷ்காரத் தாயின் மகள் மேரி ரயனை வீட்டில் சேர்த்துக்கொண்டு வளர்த்து, வேலைக்கு வைத்து, படங்களில் நிறுத்தினார். அந்தப் பெண்ணை 1867இல் மணந்த ஹென்றி காட்டன் பின்னாளில் அஸ்ஸாமின் தலைமை ஆணையரானார். 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. இவர்களுடைய பெயர் நமக்குத் தெரிகிறது, வாழ்க்கை தெரிகிறது. இலங்கைப் பகுதிக்கு வரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

களுத்துறை

1869இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. தோட்டங்களின் வருமானம் சரிந்தது, கேமரன் குடும்பத்தின் கையிருப்பும் சரிந்தது. மகன்கள் ஏற்கெனவே இலங்கையில் இருந்தார்கள். 1875 அக்டோபரில் ஜூலியாவும் சார்லஸும் கப்பலேறினார்கள். இலங்கையில் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று இரண்டு சவப்பெட்டிகளையும், கூடவே ஒரு பசுவையும் கொண்டுபோனதாகக் கதை உண்டு.

1877 ஜனவரியில் மரியான் நார்த், இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள களுத்துறையில் கேமரன் குடும்பம் இருந்த வீட்டுக்கு வந்தார். உலகம் சுற்றி, செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். லண்டன் கியூ தோட்டத்தில் அவருடைய ஓவியங்களுக்கென்று 1882இல் திறந்த கூடம் இன்றும் இருக்கிறது. களு கங்கைக் கரையில் குன்றின்மேல் வீடு, சுவர் முழுக்க ஒளிப்படங்கள், மேசையிலும் நாற்காலியிலும் தரையிலும் சிதறிய பிரிண்ட்கள், ஈரம் பாய்ந்த புத்தகங்கள், பழகிய அணில், மைனா, மான் என்று அவர் எழுதிவைத்த காட்சி இந்த ஆய்வுக்குக் கிடைத்த மிக நல்ல சாட்சியம்.

வந்த விருந்தாளியை ஜூலியா விடவில்லை. காஷ்மீரக் கம்பளித் துணியைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்று தலையில் குத்தும்படி நிறுத்தினார். உச்சி வெயில். காற்றில் கீற்று ஆட ஆட வெயில் பொட்டுகள் கண்ணில் பட்டுப் பட்டு விலகுகின்றன. வெப்பமானி 96 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. இயல்பாக இருங்கள் என்கிறார் ஜூலியா. அது சரிவராமல், ஈரப்பலா இலைகளையும் காய்களையும் ஜன்னல் கதவின்மேல் தட்டையாக ஆணி அடித்துப் பின்னணி செய்து மறுபடி எடுத்தார். ஒரு டஜன் தகடுகள் போயின. தன்னை அழகாகக் காட்டக் கண்ணாடி மறுத்துவிட்டது, சுவாரசியமில்லாத சாதாரணப் பெண்ணாகத்தான் விழுந்தேன் என்று நார்த் சிரித்துக்கொண்டே முடிக்கிறார்.

சிரிப்பை விட்டுவிட்டுக் காரணங்களைப் பார்ப்போம். 96 டிகிரி என்பது ஏறக்குறைய 35.6 டிகிரி செல்சியஸ். ஈதர் கொதிக்கும் வெப்பநிலை 34.6. கொலோடியனைத் தகட்டில் ஊற்றிச் சாய்க்கும்போதே அதிலுள்ள ஈதர் விறுவிறுவென்று ஆவியாகும். பாகு சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக உறையக்கூடும். வைட் தீவில் கிடைத்த பத்து நிமிடம் இங்கே எவ்வளவாகச் சுருங்கியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். மதுரையையும் தஞ்சாவூரையும் 1858இல் எடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், கண்ணாடியை விட்டுவிட்டுத் தாள் நெகட்டிவ்களைக் கொண்டுபோனதில் இந்த வகையில் நியாயம் இருந்தது. மெழுகு ஏற்றிய தாளை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளலாம், உடனே கழுவவும் வேண்டாம். ஆனால் தாள் இன்னும் மெதுவானது. திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது பச்சை. கொலோடியனுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டுமே தெரியும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அது ஏறத்தாழக் குருடு. அதனால்தான் அக்காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கருந்திட்டாகவும் இருக்கின்றன. டிரைப் தன் நெகட்டிவ்களில் மேகத்தையும் இலைகளையும் கையால் தீற்றிச் சரிசெய்தார். இதை வீட்டிலேயே பார்க்கலாம். தென்னையோ வாழையோ பின்னால் இருக்க ஒருவரை வண்ணத்தில் எடுத்து, கணினியில் நீல அலைவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்குங்கள். வாழை இலையின் பளபளப்பு போய்க் கறுப்பாகும். இலை நரம்பும் இளம்பச்சைக் குருத்தும் ஒன்றாகிவிடும். மாநிறத் தோல் இரண்டு படி கறுக்கும், உதடு இருளும், மஞ்சள் பூசிய முகம் திட்டாகத் தெரியும். வெள்ளை வேட்டி கண்ணைக் கூசும். இலைகளின் நடுவே மாநிற முகம் என்ற, நமக்கு மிகச் சாதாரணமான காட்சி, கொலோடியனுக்கு எடுக்கவே முடியாத காட்சி. ஃப்ரெஷ்வாட்டரில் வெளிறிய முகம், கறுத்த துணி, ஒற்றை ஜன்னல் என்று ஜூலியா கண்டுபிடித்த சூத்திரம் அவருடைய ரசனை மட்டும் அல்ல. அந்த ரசாயனத்துக்கு ஒத்துவந்த ஏற்பாடும்கூட. ஈரப்பலா இலையைத் தூரிகையால் பிடிக்க நார்த்துக்குப் பச்சை வண்ணம் கையில் இருந்தது. ஆணி அடித்த இலை ஜூலியாவின் தகட்டில் இலையாக நிற்க வழியே இல்லை.

வெளிச்சக் கணக்கும் தலைகீழானது. தென்னை நிழலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/60 வினாடி என்றால் ஐ.எஸ்.ஓ. 1க்கு இரண்டு வினாடிக்கும் குறைவு. மூன்று நிமிடம் ஒரு முகம் தகட்டில் மெல்ல மெல்லப் படிந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது இரண்டு வினாடி. மூச்சு விழ நேரமில்லை. இலங்கைப் படங்களில் பல, இங்கிலாந்துப் படங்களைவிடக் கூர்மையாக இருப்பதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் தூரம். இங்கிருந்து மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. வாழ்நாளில் எடுத்தவை ஏறக்குறைய 1,200. அந்தச் சிலவற்றில் முகம் சட்டத்தை நிறைப்பது அரிது. முழு உருவமாக, சுவரோடு, மரத்தோடு, கூட்டமாக நிற்கிறார்கள். இங்கிலாந்தில் வேடமிட்டு எடுத்த ஆர்தர் மன்னன் கதை, மரியா, தேவதை எதுவும் இல்லை. கேமரா பின்வாங்கி நிற்கிறது. வெளிச்சம் தாராளமாக இருந்தபோது நெருங்குவது எளிதாகியிருக்க வேண்டும், நெருங்கவில்லை. ஆகவே ரசாயனத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நார்த் எழுதியிருக்கும் இன்னொரு சம்பவம் இதற்கு விளக்கம் தருகிறது. உள்ளூர்க்காரர் ஒருவரின் முதுகு ஜூலியாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதற்காகவே அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கும்படி மகனிடம் அடம்பிடித்தார். வீட்டில் தோட்டமே கிடையாது. தோட்டம் என்றால் என்ன என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது என்கிறார் நார்த். கடைசி வரியை நான் நம்பவில்லை. களு கங்கைக் கரையில் பிறந்தவருக்குத் தோட்டம் தெரியாமல் இருக்காது. வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டது புரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் முதுகு என்ற விவரம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஹெர்ஷலிடம் முகத்துக்குப் போனவர் இங்கே முதுகில் நின்றுவிட்டார்.

மலையில் கேமரன் குடும்பத்தின் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் நம் ஆட்கள். காப்பிப் பழம் பறிக்கக் கங்காணிகளின் பின்னால் கண்டிச்சீமைக்கு நடந்து போனவர்கள். இலங்கைப் படங்களில் நிற்கும் தோட்ட வேலையாட்களில், வீட்டு வேலையாட்களில் யார் தமிழர், யார் சிங்களவர் என்பதைத் தலைப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. பெயரும் இல்லை. மேரி ஹில்லியரும் வேலைக்காரிதான், ஆனால் அவருக்குப் பெயர் இருக்கிறது, ஜூலியாவோடு பேச மொழி இருக்கிறது, படத்துக்குப் படம் வளரும் பழக்கம் இருக்கிறது. சிறு வயதில் கல்கத்தாவிலோ பிரான்சிலோ கற்ற மொழிகள் எதுவும் ஜூலியாவுக்குக் களுத்துறை முற்றத்தில் உதவவில்லை. எதிரில் நிற்பவர் மகனுக்குக் கட்டுப்பட்டவர். நில் என்றால் நிற்பார். நிற்கவைக்கும் அதிகாரம் இருந்தது, முடியைக் கலைத்துவிட்டு வா என்று சொல்லும் உரிமை இல்லை. இரண்டும் வேறு வேறு.

இப்படிச் சொல்வதால் அந்தப் படங்களைத் தோல்வி என்று ஒதுக்குபவர்களோடு நான் சேரவில்லை. 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் கூட்டத்தின் படம் எனக்கு அவருடைய பல தேவதைகளைவிட மேலானது. இருக்கும் மனிதர்களை வேறு யாராகவோ மாற்ற அவர் அதில் முயலவில்லை. படத்துக்குக் கீழே ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்: சிறுமிக்கு 12 வயது, கிழவர் தான் அவளுடைய தந்தை என்கிறார், தனக்கு வயது நூறு என்கிறார். நம்பினாரோ இல்லையோ, கேட்டிருக்கிறார். யாரோ மொழிபெயர்த்திருக்கிறார்கள், கிழவர் பதில் சொல்லியிருக்கிறார். இலங்கையில் அவர் நெருங்கத் தொடங்கியதற்கு எனக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான். இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பதில் பயனில்லை. 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மகனின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். போகவந்தலாவை செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு சார்லஸும் அங்கேயே அடங்கினார்.

இன்றைக்கு இதில் என்ன எடுத்துக்கொள்ளலாம்

ஜூலியாவின் படத்தில் முகம் பெரிதாக இருந்தால் அவர் முகத்தருகே நின்றார் என்று பொருள். வேறு வழியே இல்லை. நம் கையிலிருக்கும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் இந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. வால்பாறையிலோ நுவரெலியாவிலோ பஸ்ஸை நிறுத்திவிட்டு, சாலை ஓரத்திலிருந்து 200 மி.மீ.இல் கொழுந்து எடுக்கும் பெண்ணின் முகத்தைச் சட்டம் நிறையப் பிடிக்கலாம். படம் நெருக்கமாக இருக்கும், எடுத்தவர் தள்ளியே நின்றிருப்பார். அந்தப் பெண்ணின் கண் லென்ஸைப் பார்க்கும்; பார்வையில் சந்தேகமோ சலிப்போ இருக்கும். அதை மலைநாட்டு மக்களின் சோகம் என்று தலைப்பு வைத்துப் போட்டிக்கு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். பாதிச் சோகம் கேமராக்காரரைப் பார்த்து வந்தது.

அங்கே 35 அல்லது 50 மி.மீ. லென்ஸோடு போவது ஒரு நல்ல சோதனை. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நடந்து போய்த்தான் ஆக வேண்டும். போனால் பேசித்தான் ஆக வேண்டும். தமிழில் பேச முடிகிற நமக்கு ஜூலியாவுக்கு இல்லாத வசதி இது. பறிக்கும் நேரத்தில் போய் நிற்கவைக்கக் கூடாது. அன்றைய கூலி கொழுந்தின் எடையையும் பொறுத்தது. படத்துக்கு நிற்கும் ஐந்து நிமிடம் அவர்கள் கணக்கில் கிலோவாகக் குறையும். எடை போட்டு முடித்து, கூடையை இறக்கிவைத்து, வெற்றிலைப் பையைத் திறக்கும் நேரம் சரியானது. கொட்டகையின் வாசல் ஓரத்தில் ஒரு பக்க வெளிச்சமும் கிடைக்கும். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, எடுத்ததை அங்கேயே காட்டிவிட்டு, பிரிண்ட் போட்டுத் தோட்டத்து விலாசத்துக்கு அனுப்பிவைக்கலாம்.